பன்னிரண்டரை மணிப் பெரட்டு

ஹந்தானைக்கு ஏறும் பாதையில், மூன்றாவது வளைவில் இருந்த பங்களாவில் குடியிருந்தவர்கள் இரண்டு பேர். அவர்களைக் குடியிருக்க வைத்தவர்கள் பன்னிரண்டு பேர். மேஜர் ஜெனரல் மெதகெதரவும் அவருடைய நோனாவும் சேர்ந்து நாளொன்றுக்கு நாலு கோப்பை தேநீர் குடிப்பார்கள். கோப்பைக்கு மூன்று ஆள் என்று பார்த்தால் அப்படியொன்றும் அதிகமில்லை.

அழகமுத்து பன்னிரண்டாவது ஆள், சமையல்காரன். மற்றப் பதினொரு பேரும் சீருடைக்காரர்கள். இரண்டு பேர் கார் ஓட்டினார்கள். ஒருவன் இரண்டு காரையும் கழுவினான். ஒருவன் உடுப்பு அழுத்தினான். ஒருவன் கேற்றடியில் நின்று, ஜெனரல் வீட்டில் இல்லை என்று சொன்னான். ஜெனரல் பின்னால் கதிரையில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கும்போதும் அதையே சொன்னான். ரோசாச் செடிகளுக்கு இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாதபடியால், ஒருவன் சொன்னதை மற்றவனிடம் கொண்டுபோய்ச் சொல்ல மூன்றாவதாக ஒருவன். ஜெனரலின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போக ஒருவன் இருந்தான். பிள்ளைகள் மெல்பனுக்குப் படிக்கப் போய் ஆறு வருடம். ஆனால் கட்டளையை ஒருவரும் ரத்துச் செய்யவில்லை. ஆகையால் அவன் தினமும் காலையில் வெறும் வான் வண்டியைப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய், கதவைத் திறந்து, மூடி, திரும்பி வந்தான்.

ஆனைக்கொய்யா மரத்துக்கு வரும் குரங்குகளை விரட்டுவது டிங்கிரி பண்டாவின் வேலை. ஏழு வருடப் பழக்கத்தில் குரங்குகளில் மூத்தது அவனைக் கண்டால் நெற்றிக்குக் கையை உயர்த்தும், அதற்குப் பிறகுதான் காயைப் பறிக்கும். கடைசியாகக் கோப்ரல் சுமனே. ஜெனரலுக்குக் குடை பிடிப்பவன். கண்டியில் மழை எப்போது வரும் என்று வானொலிக்குத் தெரியாது, சுமனேயின் இடது காதுக்குத் தெரியும்.

அழகமுத்து இராணுவத்துக்காரன் அல்ல. பத்தொன்பது வருடங்களுக்கு முன் முகாம் சமையலறையில் சிவில் சமையல்காரனாகச் சேர்ந்தவன். அங்கே முறை வேலை. நாலு நாள் அடுப்பு, மூன்று நாள் வீடு. தெல்தோட்டைக்கு பஸ் ஏறிப் போய் மனைவி பாப்பம்மாவோடு இருந்துவிட்டு வரலாம். ஒரு சித்திரை விருந்தில் அவன் வைத்த பலாக்கொட்டைக் கறியை ஜெனரல் ருசி பார்த்ததோடு அந்தச் சீவியம் முடிந்தது. "ரெண்டு நாளைக்கு பங்களாவுக்கு அனுப்புங்கள்" என்றார் ஜெனரல். அந்த இரண்டு நாள் தொடங்கி பதினொரு வருடம் ஆகிறது, இரண்டாம் நாள் இன்னும் விடியவில்லை.

பங்களாவில் லீவு என்பது நோனாவின் முகத்தைப் பொறுத்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு கிடைத்தால் பெரிசு. போன ஐப்பசியில் பாப்பம்மாவுக்குப் பேராதனையில் முழங்கால் அறுவை நடந்தபோது, அழகமுத்து அங்கிருந்து நாலு மைல் தொலைவில் இருபது விருந்தாளிகளுக்கு வட்டலப்பம் அவித்துக்கொண்டிருந்தான்.

ஒன்று மட்டும் அவன் சொந்தத்தில் வைத்துக்கொண்டான். பகல் பன்னிரண்டரைக்குப் பெரட்டு. தேயிலைத் தோட்டத்தில் காலையில் தப்பு மேளம் அடித்ததும் ஆட்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடி, பேர் கூப்பிட, இருக்கேன் என்று சொன்ன பிறகுதான் மலைக்குப் போவார்கள். அதுதான் பெரட்டு. அழகமுத்து பிறந்து வளர்ந்த முறை அது. வேறு முறையில் ஆட்களுக்குச் சோறு போட அவனுக்குத் தெரியாது. பன்னிரண்டரை ஆனதும் பெரிய சோற்றுத் தேக்சாவின் மூடியை எடுத்து அகப்பையால் டண்டணக்கு, டண்டணக்கு என்று அடிப்பான். பதினொரு பேரும் தட்டோடு குசினிப் பின்வாசலில் வரிசை கட்டவேண்டும். பேர் கூப்பிடுவான். பதில் சொன்னவனுக்குத்தான் அகப்பை இறங்கும். பதினொரு பேரும் சிங்களவர்கள். பதினொரு பேருக்கும் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் "இருக்கேன்."

சேதியைக் கொண்டுவந்தவர் அக்குறணை ஸமீம். வியாழக்கிழமை தோறும் பங்களாவுக்குக் கறிக்கான சரக்குத்தூள் கொண்டுவருகிறவர். குசினிப் படியில் உட்கார்ந்து, பிளேன்டீயை ஊதிக்கொண்டே சொன்னார்.

"முத்தண்ணே, பேப்பர் பாத்தீங்களா? புதுச் சட்டமொண்டு வந்தீக்கிது. பெரிய ஒபீசர்மார் வீட்டுல வேலைக்கி வெக்கிற ஆளுக்கு இனி கணக்கீக்கிதாம்."

"என்னா கணக்கு நானா?"

"ஒங்கட ஜெனரல்ட தரத்துக்கு மூணு பேர். மூணு பேரும் யூனிபோம் ஆளா ஈக்கோணும். சிவில் ஆள் ஒருத்தரையும் வீட்டுல வெக்கேலா. மிச்சம் எல்லாரையும் பதினாலு நாளுக்குள்ள அவங்கவங்கட முகாமுக்கு அனுப்போணும்."

அழகமுத்து உள்ளியை உரிப்பதை நிறுத்தினான்.

"சிவில் ஆள் ஒருத்தரும் கூடாதா? நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தரம் படிச்ச. எனக்கென்னத்துக்குப் பொய்? நீங்க பெய்த்தா இந்தக் குசினிக்கி மாசம் நாலு கிலோ தூள் கொறயும். நட்டம் எனக்குத்தான்."

"அப்ப என்னாத்துக்கு நானா சொல்றீங்க?"

"ஒங்கட பொஞ்சாதிய ஆஸ்பத்திரியில பாத்த நான். எங்கட மகள் பஸ்லினாவும் அதே வாட்டுலதான் ஈந்த. அந்த மனுசி கதவப் பாத்துப் பாத்துக் கெடந்த." ஸமீம் கோப்பையைக் கீழே வைத்தார். "வேற ஒண்டுமில்ல. தூளுக்குக் காசு பொறகு தாங்க."

அன்று பின்னேரம் அழகமுத்து கையைக் கழுவி, சட்டையை மாட்டி, முன்வராந்தாவுக்குப் போனான். பதினொரு வருடத்தில் தேநீர்த் தட்டு இல்லாமல் அவன் அங்கே போனது அதுதான் முதல் தடவை. ஜெனரல் அவன் கையைப் பார்த்தார், தட்டைக் காணோம் என்று மேசையைப் பார்த்தார், பிறகுதான் முகத்தைப் பார்த்தார். பேச்சு சிங்களத்தில் நடந்தது.

"சேர், புதுச் சட்டப்படி என்னை முகாமுக்கு அனுப்பவேண்டுமாம்."

"உனக்கு யார் சொன்னது?"

"சரக்குத்தூள் சுற்றி வந்த பேப்பரில் இருந்தது, சேர்."

ஜெனரல் சிரித்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஒருநாளும் கை நீட்டியதில்லை. சாப்பாடு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வார். மற்றவர்களுக்கும் வீடு என்று ஒன்று இருக்கும் என்பது மட்டும் அவருக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

"பயப்படாதே முத்து. உன்னை நான் விடுவேனா? ஏற்பாடு செய்துவிட்டேன்."

ஏற்பாடு காலடியில் படுத்திருந்தது. ரொக்கி என்ற நாய். ஒரு காலத்தில் வெடிகுண்டு மோப்பம் பிடிக்கப் பழக்கியது. பழக்கிய இரண்டு வருடத்திலும் அது கண்டுபிடித்ததெல்லாம் சோற்றுப் பார்சல்கள்தாம். ஆனாலும் இலக்கமும் கோப்பும் லான்ஸ் கோப்ரல் பதவியும் அதற்கு உண்டு. ஓய்வு கொடுத்து ஜெனரலின் பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

"சட்டம் அதிகாரிக்குத்தான் ஆள் கணக்குச் சொல்கிறது. நாயைப் பற்றி ஒரு வரி இல்லை. இன்று முதல் நீ என்னுடைய ஆள் அல்ல, ரொக்கியின் ஆள். நாய்ப் பராமரிப்பாளர். நீயே விரும்பிக் கேட்டதாக ஒரு கடிதம் அடித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொழும்பிலிருந்து எண்ண வருகிறார்கள். அதற்கு முன் கையெழுத்துப் போட்டால் போதும். சமையல் வழக்கம்போல."

நாய் ஒரு கண்ணைத் திறந்து அழகமுத்துவைப் பார்த்தது. புது ஆளை மேலதிகாரி பார்க்கும் பார்வை.

நோனா உள்ளே இருந்தபடியே, "சந்தோசமாகப் போய் ஞாயிறு வீட்டைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்" என்றாள். அதுவும் ஏற்பாட்டில் சேர்த்தி.

ஞாயிறு கலஹா தாண்டியதும் பஸ் கண்ணாடியில் பனி அப்பிக்கொண்டது. தெல்தோட்டையில் இறங்கி, தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் ஏறி லயத்து வீட்டுக்குப் போகையில் சின்னத் தூறல். பாப்பம்மா வாசலில் கதிரை போட்டு, தைத்த காலை ஒரு வாளிமேல் நீட்டி வைத்து, மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நாற்பது வருடம் கொழுந்து பறித்த கை. பேசிக்கொண்டே சீவினாலும் தோல் ஒரே கனத்தில்தான் விழும்.

"வாங்க. நோனா மனசு எறங்கிருச்சா, இல்ல வீடு மாறி வந்துட்டீங்களா?"

அழகமுத்து எல்லாவற்றையும் சொன்னான். சட்டத்தைச் சொன்னபோது அவள் கத்தி நின்றது. நாயைச் சொன்னபோது மறுபடி ஓடத் தொடங்கியது, முன்னைவிட வேகமாக.

"வேல ஒன்னுதான புள்ள. அதே அடுப்பு, அதே சட்டி. கடதாசியில மட்டுந்தான் நாயி."

"அப்பிடியா."

"ரெண்டு வருசத்துல எனக்கு பென்சன். அதுக்குள்ள பெரிய மனுசனோட மல்லுக்கு நிக்கவா?"

"நாயிக்கு பென்சன் இருக்கா?"

"அதுக்கு இருக்கு."

"அப்ப நல்ல எடந்தான்." ஒரு கிழங்கு முடிந்தது. அடுத்ததை எடுத்தாள். "நான் ஒன்னு கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. தோட்டத்து செக்ரோல் பொஸ்தகத்துல எம் பேரு நாப்பது வருசம் விழுந்திச்சி. கொழுந்து கொறஞ்ச நாளு கணக்கப்புள்ள அரப் பேருதான் போடுவாரு, அர நாள் சம்பளம். வவுறு எரியும். அரப் பேருன்னாலும் அது எம் பேரு. பாப்பம்மான்னு எழுதியிருக்கும். நாயிக்குக் கீழ எழுதல, கழுதைக்குக் கீழ எழுதல."

"நான் என்னா வேணும்னா கேட்டேன்?"

"கடதாசியில அப்பிடித்தான எழுதியிருக்கு? நீங்களே விரும்பிக் கேட்டீங்கன்னு." அவள் குரலை உயர்த்தவில்லை. "முட்டிய வெட்டுன அன்னைக்கி பக்கத்து லயத்து செல்லப்பாதான் ஆஸ்பத்திரிக்கி வந்தாரு. நர்ஸ் புள்ள அவர ஐயான்னு கூப்புட்டு, ஒங்க சம்சாரத்துக்கு இந்த மாத்திரன்னு குடுக்குது. அந்த மனுசன் வெக்கத்துல செவுத்தப் பாத்துக்கிட்டு வாங்குறாரு. அதையும் பொறுத்தேன். பெரிய மனுசங்க வீட்டு வேல, நம்மள மீறினதுன்னு பொறுத்தேன். இப்ப சட்டமே போன்னு சொல்லுது. இனியும் நீங்க அங்க நின்னா, அது அவுக புடிச்சி வச்சது இல்ல. நீங்களா நின்னது."

தூறல் தகரத்தில் கனத்தது. அழகமுத்து வாளியைக் கொஞ்சம் உள்ளே தள்ளினான், கால் நனையாமல்.

"சமையக்காரனா வந்தா வாங்க," என்றாள் பாப்பம்மா. "மூணு நாளு வந்தாலும் சரி, மூணு மணித்தியாலம் வந்தாலும் சரி. நாயோட ஆளா வர்றதுன்னா இந்தப் படி ஏறாதீங்க. எனக்கு முட்டி சரியில்ல, ரெண்டு பேருக்கு வாசல்ல வந்து நின்னு வாங்கன்னு சொல்ல முடியாது."

அன்று மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும். சம்பலில் கொச்சிக்காய் கூடத்தான் விழுந்திருந்தது. அழகமுத்து தண்ணீர் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை பங்களா போருக்குத் தயாரானது. சட்டப்படி மூன்று பேரைக் கண்முன்னால் வைத்துக்கொண்டார் ஜெனரல்: ஒரு சாரதி, கேற்றடிக்காரன், உடுப்பு அழுத்துகிறவன். மிச்ச எட்டுப் பேரும் மறையவேண்டும். இரண்டாவது சாரதி, தான் ஓட்டும் காரின் டிக்கியிலேயே படுத்தான். கழுவுகிறவன் அதன் கீழே. ரோசாக்காரர்கள் இருவரும் தண்ணீர்த் தாங்கி அறையில், நடுவில் தூதுவன். டிங்கிரி பண்டா ஆனைக்கொய்யா மர உச்சியில்; மூத்த குரங்கு நகர்ந்து இடம் கொடுத்தது. வான் ஓட்டுகிறவனைப் பள்ளிக்கூட வாசலிலேயே நிற்கச் சொன்னார்கள். கோப்ரல் சுமனேக்கு விருந்தினர் அறையின் அலுமாரி. உள்ளே போகுமுன் அவன் குசினிக்கு வந்தான். சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அழகமுத்துவை அவன் அய்யே என்றுதான் கூப்பிடுவான்.

"முத்து அய்யே, இன்று பகல் சாப்பாடு?"

"சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பலாக்காய், கருவாட்டுப் பொரியல், வல்லாரைச் சம்பல்."

"அதைக் கேட்கவில்லை. சாப்பாடு உண்டா?"

அழகமுத்து தேங்காயைத் துருவிக்கொண்டே அவனைப் பார்த்தான். சுமனேயின் கையில் வழக்கம்போல குடை இருந்தது. மழையைத் தவிர வேறு எதிரியைச் சந்திக்காத நாலு வருடம் அவன் முகத்தில் இருந்தது.

"சுமனே, உனக்கு முகாமுக்குப் போக விருப்பமா?"

"நான் பட்டாளத்துக்குச் சேர்ந்தபோது எங்கள் ஊரில் வெடி கொளுத்தினார்கள், அய்யே. இப்போது ஊருக்குப் போனால் என்ன வேலை என்று கேட்கிறார்கள். ரகசியம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்."

"பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. வழக்கம்போல," என்றான் அழகமுத்து.

ஜெனரல் இரண்டு தடவை கடிதத்தோடு குசினிக்கு வந்தார். முதல் தடவை அழகமுத்துவின் கையில் தேங்காய்ப்பால். இரண்டாம் தடவை கருவாட்டு எண்ணெய். "கடதாசி பழுதாகிவிடும், சேர்" என்றான். அதில் பொய் இல்லை.

பத்தரைக்கு வரவேண்டியவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள். மெலிந்த, கண்ணாடி போட்ட ஒரு கர்னல் அம்மா, அவருக்குப் பின்னால் கோப்போடு இரண்டு பேர். ஜெனரலுக்குச் சல்யூட் அடித்துவிட்டு அமைச்சின் கடிதத்தை நீட்டினார். ஜெனரல் அதை வாங்காமல், "தேநீர் குடியுங்கள், மகள்" என்றார். "எண்ணி முடித்துவிட்டுக் குடிக்கிறேன், சேர்" என்றார் அந்த அம்மா.

எண்ணுவதற்கு நேரம் எடுக்கவில்லை. மூன்று. ஒவ்வொருவரையும் மூன்று தடவை எண்ணினாலும் ஒன்பதுதான் வரும். பிறகு அவர் வீட்டைச் சுற்றி நடந்தார். ரோசாக்கள் நன்றாக இருக்கின்றன என்றார். தானே வளர்கின்றன என்றார் ஜெனரல். இரண்டு கார் மினுங்குகிறதே என்றார். மழையில் கழுவுப்படுகிறது என்றார் ஜெனரல். குசினிக்குள் வந்து, அடுப்பிலிருந்த தேக்சாவின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். ஆவி அவருடைய கண்ணாடியை மறைத்தது.

"மூன்று பேருக்கு இவ்வளவு சோறா, சேர்?"

"நாய்க்குப் பசி கூட."

"இவர் யார்?"

அழகமுத்து புதுச் சட்டையில், ஒரு கையில் நாய்ச் சங்கிலியோடு அடுப்படியில் நின்றான். பலாக்காயிலிருந்து வந்த வாசனையில் ரொக்கி அவன் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ரொக்கியின் பராமரிப்பாளர். நாயும் இராணுவ நாய். சுற்றறிக்கையில் நாயைப் பற்றி எதுவுமில்லை. பார்த்துவிட்டேன்."

கர்னல் அம்மா கடிதத்தை வாங்கி வாசித்தார். "நானே விரும்பி" என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"கையெழுத்து இல்லையே, சேர்."

"இப்போது போடுவான். முத்து, கை காய்ந்துவிட்டதா?"

"காய்ந்துவிட்டது, சேர்."

ஜெனரல் தன் சட்டைப்பையிலிருந்த பேனாவையே திறந்து கொடுத்தார். அழகமுத்து அதை வாங்கினான். சுவரில் மணிக்கூடு பன்னிரண்டரையைக் காட்டியது. அவன் பேனாவை மூடினான், கடிதத்தின் மேல் வைத்தான், சங்கிலியை ஜெனரலின் கையில் கொடுத்தான். பதினொரு வருடத்தில் ஜெனரலின் கையில் அவன் கொடுத்த முதல் வேலை அதுதான். ஜெனரலும் யோசியாமல் பிடித்துக்கொண்டார்.

"மன்னிக்கவேண்டும், சேர். சாப்பாட்டு நேரம்."

"முத்து. இன்று வேண்டாம்."

"சோறு ஆறிவிடும், சேர்."

"முத்து, நான் சொல்கிறேன்."

"நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே, சேர். போடும்வரை சமையல்காரன்தானே. சமையல்காரனுக்கு இதுதான் வேலை."

தேக்சா மூடியை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் ஏறி நின்றான். அகப்பை இறங்கியது. டண்டணக்கு, டண்டணக்கு. ஹந்தானை மலையில் பட்டுச் சத்தம் திரும்பி வந்தது. அன்று அவன் அடித்த அடி தெல்தோட்டைவரை கேட்டதாகவும், அங்கே பழைய ஆட்கள் சிலர் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டதாகவும் பிறகு பேச்சு அடிபட்டது.

முதலில் காரின் டிக்கி திறந்தது. இரண்டாவது சாரதி தட்டோடு இறங்கினான். காருக்குக் கீழிருந்து கழுவுகிறவன் உருண்டு வந்தான். தண்ணீர்த் தாங்கி அறையிலிருந்து மூன்று பேர், நடுவில் தூதுவன். ஆனைக்கொய்யா மரத்திலிருந்து டிங்கிரி பண்டா சறுக்கினான். பின்னால் குரங்கும் பாதி மரம்வரை வந்து, யோசித்து, நின்றுகொண்டது. கேற்றைத் தள்ளிக்கொண்டு வெறும் வான் உள்ளே வந்தது. மேலே விருந்தினர் அறையில் அலுமாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கண்முன்னால் நின்ற மூன்று பேரும் ஜெனரலைப் பார்த்தார்கள், சோற்றைப் பார்த்தார்கள், வரிசையில் சேர்ந்தார்கள்.

அவர்கள் தவறி வந்துவிட்டார்களா, தெரிந்துதான் வந்தார்களா என்று அவர்களிடம் கேட்டால் பசி என்பார்கள்.

"லொகு பண்டா."

"இருக்கேன்."

"டிங்கிரி பண்டா."

"இருக்கேன்."

ஒவ்வொரு பேருக்கும் ஒரு அகப்பை சோறு. கர்னல் அம்மாவின் பின்னால் நின்ற இருவரில் ஒருவன் எண்ணி எண்ணிக் கோடு போட்டான். ஜெனரல் நாயைப் பிடித்தபடி நின்றார். நாய் வரிசையில் சேரப் பார்த்தது, ஜெனரல் இழுத்தார், நாய் அவரைவிடப் பலமாக இழுத்தது. லேசாகத் தூறத் தொடங்கியது.

"கோப்ரல் சுமனே."

"இருக்கேன்." சுமனே தட்டையும் குடையையும் சேர்த்துப் பிடித்திருந்தான். ஜெனரலின் தலை நனைவது தெரிந்தும் அவன் குடை விரியவில்லை.

பதினொன்று முடிந்தது. அழகமுத்து அகப்பையைத் தேக்சாவில் போட்டான். வழக்கமாக அதோடு பெரட்டுக் கலையும். அன்று ஒருவரும் வாயில் சோறு வைக்கவில்லை. பதினொரு வருடமாக எல்லாருடைய பேரையும் கூப்பிட்ட அந்தப் படியில் அவன் பேரைக் கூப்பிட ஆள் இருந்ததில்லை. அவனும் கூப்பிடச் சொன்னதில்லை.

சுமனே தட்டைக் கீழே வைத்தான். குடையைக் கக்கத்தில் இடுக்கி, நிமிர்ந்து நின்று, மலைக்குக் கேட்கும்படி கூப்பிட்டான்.

"அழகமுத்து."

அழகமுத்து சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். ஆவியாக இருக்கும்.

"இருக்கேன்," என்றான்.

கர்னல் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எந்த இடத்து ஆள் என்று எழுதுவது?"

"முகாம் சமையலறை, மேடம். சிவில் சமையல்காரன். ரெண்டு நாள் வேலைக்கு வந்தேன். முடிந்துவிட்டது."

அவர் எழுதினார். எழுதி முடித்து, "அந்த வல்லாரைச் சம்பலில் கொஞ்சம் மிஞ்சுமா?" என்று கேட்டார்.

பதினாலு நாள் என்பது மூன்று நாளில் முடிந்தது. பங்களாவில் இப்போது சட்டப்படி மூன்று பேர். ஜெனரல் தன் குடையைத் தானே பிடிக்கிறார். முதல் வாரம் தலைகீழாகப் பிடித்தார் என்பது மிகைப்படுத்தல், பக்கவாட்டில்தான் பிடித்தார். மூத்த குரங்கு சல்யூட் அடிக்க ஆளில்லாமல் ஜெனரலுக்கே அடிக்கிறது. அவரும் பழக்கத்தில் திருப்பி அடித்துவிடுகிறார்.

முகாமில் நாலு நாள் முறை முடிந்து, அழகமுத்து தெல்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நல்ல வெயில். பாப்பம்மா அதே கதிரையில் இருந்தாள். அவன் படிக்குக் கீழேயே நின்றான், பையைக் கூட இறக்கவில்லை.

அவள் கத்தியை வைத்தாள். கதிரைக் கையைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, மெதுவாக எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"பேரு விழுந்திச்சா?"

"விழுந்திச்சி."

"அரப் பேரா?"

"முழுப் பேரு."

"வாங்க," என்றாள் பாப்பம்மா.